விழுங்கியதோடு படத்தை நிறுத்தாதீர்கள்

உயிரியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். நோய் எதிர்ப்புப் பாடத்தில் நீங்கள் தவறாமல் போடும் படம் ஒன்று உண்டு. வெள்ளையணு கிருமியை வளைத்துப் பிடிக்கும், விழுங்கும், கரைக்கும். மூன்றே கட்டம். 1882-இல் நட்சத்திர மீன் லார்வாவின் உடலில் முள் குத்திப் பார்த்த விலங்கியலாளர் மெச்னிகாஃபிடமிருந்து வந்த கதை அது. தப்பில்லை. ஆனால் அதே 1882-இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் அறிவித்த காசநோய்க் கிருமிக்கு அது பொருந்தவே பொருந்தாது.

"அதான் தின்னாச்சே, அப்புறம் ஏன் டிபிக்கு ஆறு மாசம் மாத்திரை?" என்று ஒரு மாணவி கேட்டாள். உங்கள் படத்தில் பதில் இல்லை.

மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் வெள்ளையணு, கிருமியை ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. வழக்கமாக அந்தப் பையில் அமிலம் ஏறும், செல்லின் செரிமானப் பையான லைசோசோம் வந்து இணைந்து நொதிகளைக் கொட்டும், பிஎச் 5 வாக்கில் இறங்கும். காசநோய்க் கிருமி இந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. பிஎச் 6-க்கு மேலேயே நின்றுவிட, அடைத்த பைக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அதுவும் நிதானமாக, ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு முறைதான் இரண்டாகிறது.

லிஸ்டீரியா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. லிஸ்டீரியோலைசின் என்ற புரதத்தால் பையைத் துளைத்து வெளியே வந்துவிடும். வந்ததும் செல்லுக்குச் சொந்தமான ஆக்டின் புரதத்தையே தன் பின்பக்கம் வால்போல் கோத்துக்கொள்ளும். வால் நீள நீள, கிருமி முன்னே தள்ளப்படும். செல் சுவர் இல்லாத நம் செல்லின் சவ்வு விரல்போலப் புடைத்து அடுத்த செல்லுக்குள் நுழையும். பக்கத்துச் செல் அந்த விரலைக் கிருமியோடு சேர்த்து விழுங்கிவிடும். ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடியின் கண்ணில் படாமலே வீடு மாறியாயிற்று.

காக்ஸியெல்லா என்ற பாக்டீரியா இன்னும் மோசம். அமிலம் ஏறினால்தான் அதற்குச் சுறுசுறுப்பே.

மருந்தும் செல்லுக்குள் போயாக வேண்டும் என்பதை எங்கேயாவது சொல்லுங்கள். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் செல்லுக்குள் சரியாக நுழையாது. ஆய்வகத்தில் அதையே வசதியாக்கிக்கொள்கிறார்கள்: அந்த மருந்தை ஊற்றி வெளியே உள்ள கிருமிகளைக் கொன்றுவிட்டு, பிறகு செல்லை உடைத்து, உள்ளே பிழைத்தவற்றை எண்ணுகிறார்கள். டிபி சிகிச்சை நீளுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த மாணவிக்கு இங்கிருந்துதான் பதில் தொடங்க முடிந்தது.

நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இடமில்லை என்றால், வெள்ளையணுவுக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்திருக்கிறீர்களே, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்