சாட்சியும் சீட்டுப் பணமும்

அன்புள்ள சாமுவேல்,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு ராத்திரியில் வண்டியை எடுக்காதே, மகன் ஓட்டட்டும். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் இழுத்தடிக்கிறது, உளுந்து விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நீ கொதித்துப்போய் எழுதியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டுப் பணத்தோடு காணாமல் போனவர் திரும்பி வந்து, சபையின் கன்வென்ஷன் கூட்ட மேடையில் ஏறி, கர்த்தர் தன் பாவத்தையெல்லாம் மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொன்னது உண்மைதான். நானும் பந்தலில் இருந்தேன். பீடி சுற்றிச் சீட்டுக் கட்டின அக்கா எனக்கு நேர் எதிரே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டமே அல்லேலூயா சொன்னபோது, அவர் மட்டும் பைபிளுக்குப் போட்டிருந்த ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் “கிருபை என்பதே தப்பிக்கிறவன் சொல்கிற சாக்கு” என்று நீ எழுதியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்தக் குற்றச்சாட்டு அப்போஸ்தலன் பவுலின் காதிலேயே விழுந்திருக்கிறது. “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?” என்று ரோமர் 6-இல் தானே கேட்டு, “கூடாதே” என்று முடித்துவிடுகிறார். எபேசியருக்கு எழுதும்போது இன்னும் வெளிப்படை: திருடுகிறவன் இனித் திருடாமல் கையால் வேலை செய்து, இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும். திருட்டை நிறுத்தினால் மட்டும் போதும் என்று அவர் விடவில்லை, பார்த்தாயா?

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின வரி வசூலிக்கிறவன் சகேயுவை எடுத்துக்கொள். ஓய்வுநாள் பள்ளியில் காட்டத்தி மரத்தோடு நிறுத்திவிடுவார்கள். விஷயம் இறங்கின பிறகுதான் இருக்கிறது. “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று இயேசு சொன்னபோது, அவன் ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கிருபை முந்திக்கொண்டது. பணப் பேச்சை அப்புறம் அவனேதான் எடுக்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு. தானாக முன்வந்து அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5-இல் உள்ள கணக்கு. நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. ஆட்டைத் திருடி அடித்துவிட்டவனுக்குத்தான் யாத்திராகமம் 22-இல் நாலு மடங்கு. சகேயு அந்தத் திருடனுக்குரிய கணக்கைத் தானாகவே தன் தலையில் போட்டுக்கொண்டான். “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்று இயேசு சொன்னதும் அதற்குப் பிறகுதான்.

எல்லாரும் சகேயு போல ஒரே நாளில் திரும்புவதில்லை என்று நீ சொல்வாய். அதுவும் சரிதான். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிருபைப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் கடலில் புயலில் சிக்கி ஆண்டவரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் விலங்கோடு கிடப்பார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டுச் சிறுவர்களுக்குக் கட்டைவிரல் நசுக்கும் கருவி மாட்டியதை அவரே தன் கப்பல் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1754-இல் கடலோட்டத்தை விட்டதுகூட உடம்பு படுத்தியதால்தான். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்கு வந்தது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக, தன் பங்கையும் ஒத்துக்கொண்டு அவர் புத்தகம் வெளியிட்டது 1788-இல்.

நம் சபைப் போதகர் ஐயருக்கு நியூட்டன் கதை ரொம்பப் பிடிக்கும். “பாருங்க, ஆவியானவர் மெதுவாத்தான் உணர்த்துவார், அவசரப்படுத்தக் கூடாது” என்பார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. நியூட்டன் உணரும்வரை ஆண்டவர் பொறுத்திருக்கலாம். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. மனந்திரும்புதலுக்குக் காலம் எடுக்கும் என்பதை மனந்திரும்புகிறவன் சொல்லிக்கொள்ளலாமா? சீட்டுக் கட்டின அக்கா வேண்டுமானால் சொல்லட்டும்.

சீட்டுப் பணத்தோடு போனவர் மனந்திரும்பியது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. மேடையில் அவர் அழுதது எனக்கு உண்மையாகத்தான் பட்டது. அதனால்தான் நேரில் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டி வழியாக வேண்டாம், அது பஞ்சாயத்தாகிவிடும். யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுக்கட்டும், சின்னத் தொகைக்காரர்களிலிருந்து ஆரம்பிக்கட்டும். நாலத்தனை யாரும் கேட்கப் போவதில்லை, முதல் வந்தாலே போதும்.

நீயும் கூட வந்தால் நல்லது. உன் பேச்சுக்கு அவர் பழைய நாளிலிருந்தே மரியாதை கொடுப்பார். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எப்படியும் வருவாய்தானே, சபை விருந்தான அசனம் முடிந்து சாயங்காலம் போகலாம். டாக்டர் பஸ் பயணம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே எழுது, ரயிலுக்கு நானே டிக்கெட் போடுகிறேன்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தேவசகாயம்