பின்விளக்கு அழகு, அதன் பின்னால் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பத்து லட்சத்துக்குள் கிடைக்கும் செடான் கார்களை, அதாவது டிக்கி பின்னால் தனியாக நீண்டிருக்கும் கார்களைப் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூரை வளைந்து இறங்கும் அழகு, பின்பக்கம் ஒளிரும் எல்இடி விளக்கு, பெரிய தொடுதிரை என்று எல்லாவற்றையும் பாராட்டியிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அழகைப் பார்த்துத்தான் நானும் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செடான் வாங்கினேன். பாலக்கோட்டில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்த அன்று, "பதினைந்து லட்சம் இருக்குமா சார்?" என்று கேட்காதவர் இல்லை. நான் கொடுத்தது ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

மூன்று வருடம் ஓட்டிய பிறகு, அந்தக் கட்டுரையில் விட்டுப்போனதை எழுதத் தோன்றுகிறது.

போன கார்த்திகையில் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோனோம். இறக்கும்போது மூட்டையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. டிக்கியின் விரிப்பைத் தூக்கினால், ஸ்டெப்னி வைக்கும் குழியில் இரண்டு விரற்கடை தண்ணீர். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "கார் கழுவும்போது போயிருக்கும்" என்று சொல்லித் துடைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மழையில் மறுபடியும் அதே தண்ணீர்.

அப்புறம் என்னிடம் படித்த ஒரு பையன் நடத்தும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவன் பின்விளக்கைக் கழற்றி என்னை அருகில் கூப்பிட்டான். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் ஒரு மூலையில் சரியாக உட்காரவே இல்லை. தகடும் தகடும் சேரும் இடத்தில் பூச வேண்டிய சீலன்ட் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. விளக்கு மறைத்திருந்த இடத்தில் பெயின்ட் பெயருக்குத்தான் இருந்தது. விரலால் தேய்த்தால் பழுப்பாகத் துரு ஒட்டியது. "வெளியில தெரியிற இடத்துல மூணு கோட் அடிச்சிருக்காங்க சார், உள்ள பாருங்க" என்றான். எந்த விளக்கின் அழகுக்காக அந்தக் காரை வாங்கினேனோ, அதன் முதுகுப்புறம் அப்படி இருந்தது.

இந்தக் கார்களின் உருவத்துக்கு வடிவமைப்பாளரின் கற்பனை மட்டும் காரணம் இல்லை. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசியையும் டீசல் 1,500 சிசியையும் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. செடான்களும் அந்த அளவுக்குள் சுருங்கத் தொடங்கின. 2008-ல் 4,160 மி.மீ. நீளத்தோடு வந்த மாருதியின் டிசையர், 2012-ல் 3,995 மி.மீ. ஆனது. டிக்கியை வெட்டிச் சிறிதாக்கியது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வளைவும் விளக்கும் கூடுதலாகத் தேவைப்பட்டன. வரிக்காக நீளத்தைக் குறைத்ததை நான் குறை சொல்லவில்லை. அலங்காரத்துக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் ரப்பருக்கும் சீலன்ட்டுக்கும் போகட்டும் என்கிறேன்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினில் இதுவரை ஒரு குறையும் இல்லை. நான்கு வழிச்சாலையில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கிறது. ஏசியும் நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் ஐந்து பேர் ஏறி பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும்போது, ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசுகிறது. தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே காலி வண்டியில் அளந்த உயரத்தைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள், ஆள் ஏறினால் வண்டி இறங்கும் என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. ஒருமுறை இராயக்கோட்டை சாலையில் இரவில் டயர் பஞ்சர் ஆனது. பளபளப்பான அலாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை எடுத்தால், அது ஒரு அளவு சிறிய இரும்புச் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

தருமபுரி-சேலம் சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாயைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கம் இறங்கும்போது இரட்டைப் பாலம் அருகே லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய செய்திகளை நீங்களே எத்தனை முறை வெளியிட்டிருக்கிறீர்கள். மழை நாளில், பின்னால் சரக்கு லாரி நெருங்கி வர, அந்தச் சரிவில் இறங்கும்போது முன்விளக்கின் வடிவம் எனக்கு ஞாபகம் வருவதே இல்லை. டயர் பிடிக்குமா, பிரேக் நிற்குமா, இடித்தால் இந்தத் தகடு தாங்குமா என்ற நினைப்புதான் ஓடும்.

குறைந்த விலையில் இவ்வளவுதான் தர முடியும் என்று சிலர் சொல்வார்கள். அதை ஒப்புக்கொள்ள முடியாது. காரை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில், 2020-ல் டாடாவின் டிகோருக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2024-ல் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இரண்டும் பட்ஜெட் செடான்கள்தான். செய்ய நினைத்தால் முடிகிறது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் சோதனையும் இருக்கிறது. ஆனால் உங்கள் கட்டுரையில் எந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு வரிகூட இல்லை.

2025 செப்டம்பர் 22-லிருந்து சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, அதற்கு மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியும் நீங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் மாங்காய், தக்காளி விற்ற காசையும் ஓசூர் கம்பெனிச் சம்பளத்தையும் நம்பி முதல் தடவையாகக் கார் எடுக்கும் குடும்பங்கள் பல. ஏழு வருடத் தவணையில் எடுக்கிறார்கள். மூன்றாம் வருடமே டிக்கியில் துரு பிடித்தால், மீதி நான்கு வருடம் அந்தத் துருவுக்கும் சேர்த்துத்தான் தவணை கட்ட வேண்டும்.

அதனால் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு காரைப் பற்றி எழுதும்போது ஷோரூம் வெளிச்சத்தில் பார்த்ததோடு நிறுத்த வேண்டாம். நான்கு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பின்பக்கம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்கட்டும். அதே மாடலை மூன்று வருடம் ஓட்டியவர் ஒருவரிடமும் பேசட்டும்.

எதிர்வீட்டுப் பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான். நான் வைத்திருக்கும் அதே மாடலைப் புக் செய்ய வரும் ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்திருக்கிறான். முதலில் பட்டறைக்குக் கூட்டிப்போய் என் காரின் பின்விளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.