எபிடாரஸ் கல்வெட்டுகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் கிணறு நல்ல தண்ணீர் கொடுக்கிறது என்று படித்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம்.

பண்டைய கிரேக்கத்தின் எபிடாரஸ் கோயிலில் நோயாளிகள் குணமானதெல்லாம் பூசாரிகளின் ஏமாற்று வேலை என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கிரேக்கரின் மருத்துவக் கடவுளான அஸ்க்லெபியோஸின் அந்தத் தலத்துக்கு நோயாளிகள் தொலைவிலிருந்தெல்லாம் வந்தார்கள். நீராடி, பலி கொடுத்து, இரவில் அபாட்டோன் என்ற நீண்ட மண்டபத்தில் படுப்பார்கள். தூக்கத்தில் கடவுள் வந்து குணமாக்குவார் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பௌசானியாஸ் என்ற கிரேக்கப் பயணி, தன் காலத்தில் 6 கற்கள் மிஞ்சியிருந்ததாக எழுதுகிறார். 1881இல் கவ்வாடியாஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் தொடங்கிய அகழாய்வில் அவற்றில் சில கிடைத்தன. இப்போது சுமார் 70 கதைகளைப் படிக்க முடிகிறது.

கதைகளைத் தேர்ந்தெடுத்தது கோயில்தான், அதில் சந்தேகமில்லை. ஐந்து வருடம் கர்ப்பமாக இருந்த பெண்ணின் கதையை யார் நம்புவார்? ஆனால் யூஃபானிஸ் என்ற சிறுவனைப் பார். அவனுக்குக் கல்லடைப்பு. கனவில் கடவுள் வந்து, "குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்கிறார். "பத்து கழங்கு" என்கிறான். ஆட்டின் கணுக்கால் எலும்பு அது, அந்தக் காலப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். கடவுள் சிரித்துவிட்டு, சரி, குணமாக்குகிறேன் என்கிறார். விடிந்ததும் பையன் நலமாக வெளியே வருகிறான். காணிக்கை வாங்கிப் பிழைத்த கோயில், பத்து எலும்புக்கு ஒத்துக்கொண்ட கடவுளைக் கல்லில் வெட்டியிருக்கிறதே! ஏமாற்று மட்டுமே நோக்கமாக இருந்தால் இந்தக் கதை எதற்கு?

என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. அந்தக் கோயிலின் எல்லைக்குள் யாரும் சாகக் கூடாது, பிரசவமும் கூடாது. வைத்தியத்துக்கு வந்தவர்கள் உயிர் போகும் நேரத்தில் வெட்டவெளியில் கிடந்தார்கள். அன்டோனினஸ் என்ற ரோமானியப் பிரமுகர்தான் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவர்களுக்காக ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். அத்தனை நூற்றாண்டுகளாக அது யாருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது. கோயிலைத் திட்டுவதென்றால் இதற்காகத் திட்டு, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அங்கே கிடைத்த அறுவைக் கருவிகளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் உன் பதில் வரட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்