செயலாளரின் ஆண்டறிக்கை, 2025
(குடியிருப்போர் சங்கம், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களின் தபால் பெட்டியில் இதன் நகல் போடப்படும்.

பொங்கல் வழக்கம்போல் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டோம், மோர் போதவில்லை. எல்லோரும் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங்கில் துடைப்பம் பிடித்தவர்களைவிட, முடிந்தபின் நாசி லெமாக் பொட்டலம் வாங்கியவர்கள் அதிகம். தீபாவளி அன்பளிப்பு கொடுத்தாயிற்று.

அடுத்தது ‘கூடுதல் ஒரு பங்கு’ திட்டம். வீட்டுச் சமையலில் ஒரு பங்கு கூட்டி, பிரசவமான வீட்டுக்கும் நோயாளிக்கும் தனித்திருக்கும் முதியவருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது. கடையில் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் வேலை மிச்சம்தானே என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். அன்று நேரமில்லை, இன்று சொல்கிறேன்.

டயாலிசிஸ் செய்பவரின் காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அவர் உடம்பில் சேரக்கூடாத பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போகும். சத்து வீணாகிறதே என்று அதையே சாம்பாரில் ஊற்றினால் செய்த வேலை பாழ். முருங்கைக்கீரையும் இளநீரும் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு நல்லதென்று போடாதீர்கள். பல பிராண்டுகளில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதே பொட்டாசியம்தான். எந்தக் கடை இதையெல்லாம் பார்க்கும்?

பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு ரசஞ்சோறு கொடுப்பது நம்மவர் வழக்கம். சோறு வாயில் இருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மருத்துவமனையில் சொன்ன பதத்தைக் கேட்டுக்கொண்டு சமையுங்கள். கஞ்சியென்றால் 1 கப் அரிசிக்கு 8 கப் தண்ணீர்; குழைந்ததும் மசித்து வடிகட்டுங்கள். ஆறினால் இறுகும், ஆகவே கொடுக்கும் நேரத்தில் பதம் பார்க்க வேண்டும். எச்சில் பட்ட கரண்டியை மொத்தக் கிண்ணத்தில் விட்டால் கஞ்சி நீர்த்துவிடும். சிறு கிண்ணத்தில் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து ஊட்டச் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு: வெந்த சுறாவைத் தோலுரித்து உதிர்த்து, கையால் இறுக்கிப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் புட்டு சொதசொதவென்று ஆகிவிடும். பழைய மீனின் அம்மோனியா வாடையைப் பூண்டு எவ்வளவு போட்டாலும் மறைக்க முடியாது. காலையிலேயே பசாருக்குப் போங்கள்.

கேரியரில் தயிரைச் சோற்றுக்கு மேல் தட்டில் வைத்தால் சூட்டில் புளித்துவிடும், தனியே கொடுங்கள். சந்தான், அதாவது தேங்காய்ப்பால், ஊற்றிய குழம்பு மதியத்தைத் தாண்டாது. எதுவானாலும் சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதுதான் சுகாதார அமைச்சின் அறிவுரையும். ஆகவே பதினொன்றரைக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டவர் ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘சோரி’ போடுவதில் பயனில்லை.

வாங்கிய எவர்சில்வர் கேரியர்களில் பாதிதான் திரும்பின. ஒரு வீட்டில் அதில் ஆணியும் திருகும் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். யார் வீடென்று இங்கே சொல்லப்போவதில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, பெருமைப்படும் அளவுக்கு இல்லை. கேரியர் செலவு கூடிவிட்டதென்று சிலர் பேசுவது காதில் விழுந்தது. ரசீதுகள் கோப்பில் உள்ளன. சந்தா மாதம் 2 ரிங்கிட், ஒரு தே தாரேக், அதாவது ஒரு கிளாஸ் தேநீர்க் காசு. அதையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கட்டவில்லை. அவர்களில் சிலர் இத்திட்டத்தில் சாப்பாடு வாங்கியவர்கள். அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம். ஆனால் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கு போயாக வேண்டும், ஆகவே பாக்கியைக் கட்டிவிடுங்கள்.

தலைவருக்கும், மண்டபம் கொடுத்தவர்களுக்கும், விடாமல் சமைத்த சகோதரிகளுக்கும், கேரியர் தூக்கி மாடியேறிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானால் மகிழ்ச்சியே. யாரும் கை தூக்காவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன், ஆனால் எல்லா நாளும் என் வீட்டு அடுப்பே எரிய முடியாது. சமையல் அட்டவணையில் புதனும் சனியும் காலியாக உள்ளன. பெயர் எழுதும் தாளும் சந்தாப் புத்தகமும் வாசல் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இங்ஙனம்,
செயலாளர்