'ஸ்லீப் லேட்' என்றால் லேட்டாகப் படுப்பதல்ல: மலை விடுதிகளின் வரவேற்பு மேசைக்கு ஒரு திறந்த மடல்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் விடுதியும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வரவேற்பு மேசையிலும் இரவுப் பணியிலும் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர் ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "வீ வாண்ட் டு ஸ்லீப் லேட் டுமாரோ" என்கிறார். மேசையில் இருப்பவரும் "ஓகே சார்" என்கிறார். நாளை ராத்திரி நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள், கேம்ப் ஃபயருக்கு விறகு சொல்லிவைக்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல் டீத் தட்டோடு போய்க் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளேயிருந்து வருவது நல்ல வார்த்தையாக இருக்காது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு நேரங்கழித்து எழுந்திருக்கிறோம், தொந்தரவு செய்யாதீர்கள்.

நாம் "நேத்து லேட்டாத்தான் தூங்கினேன்" என்றால் படுத்த நேரத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் 'ஸ்லீப் லேட்' என்றால் எழுந்த நேரத்தைச் சொல்கிறார். படுக்க நேரமாவது அவருக்கு 'ஸ்டே அப் லேட்' அல்லது 'கோ டு பெட் லேட்'. வேண்டுமென்றே நேரங்கழித்து எழுவது 'ஸ்லீப் இன்'. பிரிட்டிஷ்காரர் 'லை இன்' என்பார். எழ நினைத்தும் தூங்கிப்போவது 'ஓவர்ஸ்லீப்'. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருகிறவர்கள் ஆங்கிலத்திலேயே பேசினாலும் 'ஸ்லீப் லேட்'டை நம் பொருளில்தான் சொல்வார்கள். ஆகவே யார் சொன்னாலும் ஊகிக்க வேண்டாம். "வாட் டைம் ஷல் வீ பிரிங் யுவர் டீ?" என்று திருப்பிக் கேட்டு, வருகிற மணியை எழுதிக்கொள்ளுங்கள்.

விழிப்பு பற்றிய ஆங்கிலச் சொற்களில் இப்படி வழுக்குகிற இடங்கள் பல. இலக்கணப் புத்தகத்தை உருப்போடுவதால் இது தீராது. தமிழ் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவை வைத்தே ஆங்கிலத்தைப் பிடித்துவிடலாம்.

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எழுந்தேன், எழுப்பினேன்: இரண்டு செயலுக்கும் இரண்டு வடிவம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வோக் அப்'தான். "ஐ வோக் அப்" என்றால் நான் விழித்தேன், "ஐ வோக் ஹிம் அப்" என்றால் அவரை எழுப்பினேன். 'யாரை' என்ற கேள்விக்குப் பதில் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அந்தப் பதில் 'மீ', 'ஹிம்', 'தெம்' போன்ற குட்டிச் சொல்லாக இருந்தால் 'வேக்'குக்கும் 'அப்'புக்கும் நடுவில்தான் உட்காரும். "வேக் அப் மீ" என்று யாரும் சொல்வதில்லை. "வேக் மீ அப்". 'த கெஸ்ட்' என்று முழுச்சொல் வந்தால் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம்.

தமிழில் கண் திறப்பது ஒன்று, படுக்கையை விட்டு எழுவது இன்னொன்று. "முழிச்சுட்டாங்க, ஆனா இன்னும் எந்திரிக்கல" என்கிறோம். ஆங்கிலத்திலும் இந்தப் பிரிவு உண்டு: விழிப்பது 'வேக் அப்', படுக்கையை விடுவது 'கெட் அப்'. "தே ஆர் அவேக், பட் தே ஆர்ன்ட் அப் யெட்" என்று சொன்னால் அறையைச் சுத்தம் செய்ய இப்போது போக வேண்டாம் என்பது புரிந்துவிடும்.

'முழிச்சிருக்கேன்' என்பதை அப்படியே கொண்டுபோய் "ஐ ஆம் வோக் அப்" என்பது அடிக்கடி கேட்கிற பிழை. முழிச்சுட்டேன் என்பது நடந்த செயல், அதற்கு 'வோக் அப்'. முழிச்சிருக்கேன் என்பது இருக்கிற நிலை, அதற்கு "ஐ ஆம் அவேக்". இந்த 'அவேக்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்காத சொல். 'அவேக் கெஸ்ட்' என்று எழுத முடியாது. 'வெரி அவேக்' என்பதும் காதில் இடறும். நன்றாக விழித்திருப்பவர் 'வைட் அவேக்', ஆழ்ந்து தூங்குகிறவர் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. "டிட் யூ வோக் அப்?" என்பதில் இறந்தகாலம் இரண்டு முறை வந்துவிடுகிறது. 'டிட்' ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டதால் "டிட் யூ வேக் அப்?" போதும்.

வேக், அவேக், வேக்கன், அவேக்கன் என்று நான்கு வினைகள் எதற்கு என்று கேட்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் தூக்கத்திலிருந்து எழுவதற்கு ஒரு வினையும் தூங்காமல் விழித்திருப்பதற்கு வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து 'வேக்' ஆயின. கிளைத்தவை பக்கத்திலேயே தங்கிவிட்டன. 'வாட்ச்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். உங்கள் வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்குச் சொல்லின்படி 'விழித்திருப்பவர்' என்றே பொருள். அவர் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தால் பெயருக்கும் சேர்த்தே துரோகம். மேசை வேலைக்கு 'வேக் அப்' ஒன்றே போதும்: வேக், வோக், வோக்கன். அவோக், அவோக்கன் எல்லாம் கதைப் புத்தகத்துக்கும் பிரசங்கத்துக்கும் இருக்கட்டும்.

இனி, காலையில் எழுப்பும் வேலை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம் எழுப்பச் சொல்வார்கள். வெயில் ஏறிவிட்டால் புல்லில் பனி நிற்காது. அரைமணி தவறினால் போனது போனதுதான். அந்த அரைமணி பெரும்பாலும் 'ஹாஃப் ஃபைவ்' என்ற சொல்லில்தான் தவறுகிறது. பிரிட்டிஷ்காரருக்கு 'ஹாஃப் ஃபைவ்' என்றால் ஐந்தரை. ஜெர்மானியர் மொழியில் 'அரை ஐந்து' என்பது நாலரை. அவர் ஆங்கிலம் பேசும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வரலாம். அமெரிக்கர் 'குவார்ட்டர் ஆஃப் ஃபைவ்' என்றால் ஐந்துக்குக் கால்மணி முன்பு, 4.45. காதில் விழுந்ததை நம்பாமல் 5.30 என்று இலக்கத்தில் எழுதி, அந்தத் தாளையே அவரிடம் காட்டுங்கள். பதிவேட்டில் அறை எண், தேதி, மணி, போனா கதவு தட்டுவதா என்ற நான்கும் இருக்கட்டும். நள்ளிரவு தாண்டிக் கேட்கிறவரிடம் 'டுமாரோ' என்பது எந்த நாள் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "குட் மார்னிங். இட்ஸ் ஃபைவ் தர்ட்டி. திஸ் இஸ் யுவர் வேக் அப் கால்." அவர் குரல் கேட்காமல் வைக்கக் கூடாது. எடுக்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, அதற்கும் எடுக்காவிட்டால் கதவு. எத்தனை மணிக்கு அடித்தோம், எடுத்தாரா என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். ஒன்பது மணிக்கு வந்து "யூ டிட்ன்ட் வேக் அஸ்" என்கிறவருக்கு அந்தக் குறிப்பே பதில். மைசூருக்கு முதுமலை வழியாகப் போக நான்கு மணிக்கு எழுப்பச் சொல்கிறவரிடம், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைச் சொல்லிவிட்டு நேரத்தை எழுதுங்கள்.

வயதான பிரிட்டிஷ்காரர் யாராவது "நாக் மீ அப் அட் சிக்ஸ்" என்றால் பதற வேண்டாம், கதவைத் தட்டி எழுப்பச் சொல்கிறார். அங்கே ஆலைத் தொழிலாளர்களின் ஜன்னலை நீண்ட குச்சியால் தட்டி எழுப்புவதற்கென்றே கூலிக்கு ஆள்கள் இருந்தார்கள். நீங்கள் மட்டும் அதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். அமெரிக்கர் காதில் அது கர்ப்பமாக்குவது. 'அரவுஸ்' என்பதும் வேண்டாம். சந்தேகத்தையோ காமத்தையோ கிளப்புவதற்கே இன்று அது அதிகம் புழங்குகிறது. அறை எண் 12-இல் இருக்கிற அம்மாவுக்கு அதைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "ஆர் யூ வோக்?" என்று கேட்பதும் இப்போது வில்லங்கம். அமெரிக்கக் கறுப்பினத்தவர் பேச்சில் சமூக அநீதிக்கு விழித்துக்கொண்டவர் என்ற பொருளில் வளர்ந்த 'வோக்', 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் அந்தப் பொருளோடு ஏறியது. பிறகு கட்சிச் சண்டையில் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. தூங்குகிறாரா என்று தெரிய வேண்டுமானால் "ஆர் யூ அவேக்?"

பலகைகளுக்கு வருவோம். 'பிளாஸ்டிக் அவேக்கனிங் புரோகிராம்' என்று எழுதினால் பிளாஸ்டிக் தூங்கி எழுந்தது போலிருக்கிறது. விழிப்புணர்வுக்கு 'அவேர்னஸ்'. 'அவேக்கனிங்' என்பது ஞானம் பிறப்பது மாதிரியான பெரிய விஷயம். சிவராத்திரிக்குக் கண்விழிப்பதைச் சொல்ல 'வீ கீப் விஜில்' இருக்கிறது. 'வேக்' என்ற பெயர்ச்சொல்லைத் தொடாதீர்கள், அது சாவு வீட்டில் உடலருகே விழித்திருப்பது. மழைக்காலத்தில் செய்தித்தாளில் வருகிற 'இன் த வேக் ஆஃப் லேண்ட்ஸ்லைட்ஸ்' வேறு சாதி. அந்த 'வேக்' கப்பல் போன பின் தண்ணீரில் விழுகிற தடம். தூக்கத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது.

இதுவரை சொன்னதில் தவறினால் மனஸ்தாபத்தோடு போகும். அடுத்ததில் உயிர் போகும்.

காலையில் அறையிலிருந்து போன் வருகிறது. "ஹீ இஸ் ஸ்டில் அஸ்லீப்" அல்லது "ஹீ ஹேஸ்ன்ட் வோக்கன் அப் யெட்" என்றால் ஒன்றுமில்லை, டீயைப் பிறகு கொண்டுபோகலாம். "ஹீ வோன்ட் வேக் அப்" என்றாலோ "ஐ கான்ட் வேக் ஹிம்" என்றாலோ மாற்றுச் சாவியோடு ஓட வேண்டும். 'வோன்ட்' என்றதும் அடம்பிடிக்கிற பிள்ளை ஞாபகம் வந்து சிரித்துவிடாதீர்கள். "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்கிறோமே, அந்த 'மாட்டேங்குது'தான் இந்த 'வோன்ட்'. எழுப்பியும் எழவில்லை என்று பொருள். "ஹீ இஸ் அவுட் கோல்ட்" என்றால் வெளியே குளிரில் நிற்கிறார் என்பதல்ல, நினைவில்லாமல் கிடக்கிறார்.

நம் மலையில் இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கரிக்கணப்பு. குளிருக்கு அறைக்குள் கரிச்சட்டியை வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தவர்கள் இறந்த செய்திகள் நீலகிரியிலிருந்தும் வந்திருக்கின்றன, கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. கனல்கிற கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே கொண்டுபோகலாம் என்பது தப்புக் கணக்கு. புகையில்லாத கனலும் அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிற இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம் என்று வரும். "ஐ ஃபீல் டிரவ்ஸி", "ஐ கான்ட் கீப் மை ஐஸ் ஓப்பன்" என்று ஒருவர் சொல்லும்போது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு என்று விடாமல், அறையில் நெருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லோரையும் உடனே காற்றோட்டமான வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். கதவு ஜன்னலைத் திறந்துபோடுங்கள், நீங்கள் உள்ளே நிற்காதீர்கள்.

ஆம்புலன்ஸ்காரரிடம் 'மயக்கம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். மருத்துவத்தில் விழிப்பை நான்கு படியாகப் பார்ப்பார்கள்: தானே விழித்துத் தெளிவாகப் பேசுகிறாரா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, வலிக்கக் கிள்ளினால்தான் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா. ஆங்கிலத்தில் முதல் படிக்கு 'அலர்ட்', கடைசிப் படிக்கு 'அன்ரெஸ்பான்சிவ்'. 'அவேக்' வேறு, 'அலர்ட்' வேறு. கண் திறந்திருந்தும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் முன்னதுதான். மூச்சு விடுகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறைகளில் இருக்கிற "கைண்ட்லி அவாய்ட் ஃபயர் இன் ரூம்" என்ற பலகையைக் கழற்றிவிடுங்கள். 'கைண்ட்லி அவாய்ட்' என்பது வேண்டுகோள் மாதிரி தொனிக்கிறது. காரணமும் அதில் இல்லை. இப்படி எழுதலாம்: "டூ நாட் டேக் சார்கோல் இன்டு யுவர் ரூம். யூ மே நாட் வேக் அப்." தமிழில், "கரிக்கணப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். தூங்கினால் விழிக்காமல் போகலாம்." மலையாளத்திலும் கன்னடத்திலும் ஒவ்வொரு வரி வேண்டும். பலகை வரவேற்பறைச் சுவரில் அல்ல, அறைக்கதவின் உட்பக்கம், தாழ்ப்பாளுக்கு மேலே இருக்கட்டும். தாழ் போடுகிற கைக்கு நேராகக் கண் போகும். கேம்ப் ஃபயர் முடிந்ததும் மிச்சக் கரியில் தண்ணீர் ஊற்றி, சட்டியை உங்கள் ஆளே எடுத்துப்போய்ப் பூட்டி வைக்கட்டும்.

இப்படிக்கு,
நீலகிரியில் ஆங்கிலம் கற்பிக்கிற சிலர்