புதிதாக வாங்கிய பல்லி உண்ண மறுத்தால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்லப் பிராணியாகப் பல்லி வாங்குவோர் பலரும், அது உண்ண மறுத்ததும் முதலில் மாற்றிப் பார்ப்பது தீனியைத்தான். இரண்டு மாதங்களுக்கு முன் சிறுத்தைப் பல்லி (லெப்பர்ட் கெக்கோ) ஒன்றை வாங்கிய நானும் அதே தவற்றைச் செய்தேன்.

இப்பல்லி கொழுப்பை வாலில் சேமிப்பதால், நலமாக உள்ளதன் வால் கழுத்தளவுக்கேனும் பருத்திருக்கும். நான் கொண்டுவந்ததன் வால் பென்சிலைப் போல் ஒடுங்கியிருந்தது. பின்னங்காலின் இரு விரல்களில் உரியாத பழைய தோல் நூல் சுற்றியதுபோல் இறுகிக் கிடந்தது. "புது இடம், நாலு நாளில் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். புழு, வெட்டுக்கிளி, சிள்வண்டு என ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து நீட்டினேன். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, தீனியைப் பற்றியதே அல்ல; தரையின் வெப்பம் எவ்வளவு என்பதுதான். கண்ணாடிச் சுவரின் மேற்பகுதியில் நான் ஒட்டியிருந்த வெப்பமானி 28 டிகிரி காட்டியது. பல்லி வயிறு பதித்துக் கிடந்த இடத்தை அளந்தபோது 25 டிகிரிதான் இருந்தது. கூண்டின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் ஏறத்தாழ 25 டிகிரியிலும் இருந்தால்தான், அது தேவைக்கேற்ப இடம் மாறித் தின்றதைச் செரிக்க முடியும். குளிர்ந்த வயிற்றுக்குள் வலிந்து ஊட்டுவது தீங்கே. தெர்மோஸ்டாட் எனும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல், தரையைச் சூடாக்கும் மின் வெப்பப் பாயைப் பொருத்தினாலோ வயிறு வெந்துபோகக்கூடும்.

விரல்களை வெதுவெதுப்பான, ஆழமற்ற நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டியதில், மூன்றாம் நாள் ஒரு விரலின் தோல் கழன்றது. இன்னொரு விரலின் நுனி, இரத்த ஓட்டம் நின்று கறுத்து உதிர்ந்தே போயிற்று. ஈரத்தாள் விரித்த மறைவிடம் ஒன்று முன்பே இருந்திருந்தால் அவ்விரல் தப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

வால் மெலிவுக்குப் பட்டினி மட்டுமன்றி, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற குடல் ஒட்டுண்ணியும் காரணமாகலாம். அது சாதாரணக் கிருமிநாசினிக்கு மடியாது. மற்றப் பல்லிகளுக்கும் தொற்றும். ஆகவே மலப் பரிசோதனை முடியும்வரை புதியதைத் தனிக் கூண்டில், தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வைப்பதே முறை. மணலை அகற்றி வெறும் தாள் விரித்தால் மணல் குடலை அடைக்கும் அபாயம் நீங்குவதோடு, மலத்தையும் தெளிவாகக் காணலாம். எங்கள் பல்லியின் மலத்தில் தென்பட்டவை குடற்புழுக்களே. எடைக்கேற்ப அளந்து மருந்து தந்தார் மருத்துவர்.

பதினோராம் நாள், கால்சியம் தூள் தடவிய ஒரு புழுவைத் தானே பாய்ந்து கவ்வியது. வாங்கிய அன்று 34 கிராம் இருந்தது, இன்று சமையலறைத் தராசில் 47 கிராம்.

பல்லியை விற்பவர், அது கடைசியாக எந்த நாளில் எதைத் தின்றது, அன்றைய எடை என்ன, எந்த வெப்பத்தில் வளர்ந்தது என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். நாய், பூனைகளுக்கு இடமளிக்கும் தங்கள் நாளிதழின் செல்லப் பிராணிகள் பகுதியில், ஊர்வன மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்