சித்திரையில் பூக்கும் நெல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெல்லில் மகசூல் குறையும்போதெல்லாம் விதையையும் உரத்தையும் பூச்சியையுமே குறை சொல்லி வருகிறோம். பயிர் பூக்கும் நேரத்து வெயிலையும், இரவிலும் தணியாத புழுக்கத்தையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்ற கோடையில் போர்வெல் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கரில் 110 நாள் ரகம் நட்டிருந்தேன். தூர் நன்றாகக் கட்டியிருந்தது. இலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால், கதிர் வந்து பத்து நாள் ஆகியும் தலை சாயவில்லை. ஒரு கதிரைப் பறித்து ஒவ்வொரு மணியாக நசுக்கிப் பார்த்தபோது, மூன்றில் ஒன்று பால் பிடிக்காமல் வெறும் உமியாக இருந்தது. குருத்துப்பூச்சியாக இருந்தால் வெண்கதிர் இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். கதிர் நாவாய்ப்பூச்சியாக இருந்தால் மணியில் பழுப்புப் புள்ளி தெரியும். இரண்டுமே இல்லாதபோதும், பக்கத்து வயல்காரர்களைப் போலவே நானும் மருந்து வாங்கி அடித்தேன். அந்தச் செலவு வீண். இப்படி மணி பிடிக்காத சாவி நெல்லை அறுவடை மெஷின் வயலிலேயே ஊதித் தள்ளிவிடுவதால், எவ்வளவு போனது என்பது களத்தில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

நெற்பூ பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல் விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிப்பதில்லை; சூல்முடியில் விழுகிற கொஞ்ச மகரந்தமும் முளைக்கத் தவறுகிறது. ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் 40 டிகிரியை நெருங்கும் வெயிலிலும் நெல் ஓரளவு மணி பிடிப்பதற்குக் காரணம், அங்குள்ள வறண்ட காற்றில் பயிர் நீராவியை வெளியேற்றித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்வதுதான். கடலை ஒட்டிய நம் டெல்டாவில் காற்று ஈரமாக இருப்பதால் கதிருக்கு அந்த வசதி குறைவு. வயலில் தண்ணீரும் வற்றிவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொண்டு கதிர் மேலும் சூடாகிறது.

இரவு வெப்பம் செய்யும் கேடு வேறு விதமானது. பகலில் இலை தயாரித்த மாவுச்சத்தில் ஒரு பகுதியை இரவில் பயிர் தன் சுவாசத்துக்கே செலவிடுகிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடி, மணிக்குப் போய்ச் சேர வேண்டியது குறைகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் வயல்களில் பல ஆண்டுகள் எடுத்த அளவுகளை வைத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைவதாகக் காட்டியது. பகல் உச்ச வெப்பத்துக்கும் மகசூலுக்கும் அப்படியொரு தெளிவான தொடர்பு அந்த ஆய்வில் தென்படவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

110 நாள் ரகம் விதைத்து ஏறக்குறைய 80-ஆம் நாளில் பூக்கும். தை பிறந்ததும் நாற்று விட்டால் பங்குனிக்குள் பூத்து முடிந்துவிடும். மாசியில் விட்டால் கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில்தான் பூக்கும். சம்பா, தாளடி அறுவடை முடிந்த பிறகே நாற்றங்காலைப் பற்றி யோசிக்கும் நம் வழக்கத்தால் இந்த நாட்கள் கைநழுவிப் போகின்றன. மேட்டுப் பாங்கான துண்டு நிலத்தில் முன்கூட்டியே நாற்று விட்டு வைத்தால் இதைத் தவிர்க்கலாம். வேளாண் துறையினர் கோடைப் பட்டத்துக்கான பரிந்துரையில் ரகத்தோடு சேர்த்து, அது எந்த வாரத்தில் பூக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும். பூக்கும் பத்து நாட்களில் வயலில் தண்ணீர் நிறுத்த, பகலில் மும்முனை மின்சாரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். காட்டு நெல் ஒன்றிலிருந்து விடியற்காலையிலேயே பூக்கும் பண்பைச் சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவர முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பண்பை நம் குறுகிய கால ரகங்களில் சேர்க்கும் பணியில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் முனைப்புக் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் பகல் உச்ச வெப்பத்தைக் கொட்டை எழுத்தில் வெளியிடும்போது, டெல்டா மாவட்டங்களின் இரவு நேரக் குறைந்தபட்ச வெப்பநிலையையும் அதன் பக்கத்திலேயே நாள்தோறும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.